மீன் தொட்டியில் அழையாத நத்தைகள்: எந்த வழி எந்தத் தொட்டிக்கு?

புதுச் செடி நட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். கண்ணாடியின் உள்பக்கம் எள்ளளவு பழுப்புப் புள்ளி ஒன்று மெல்ல நகரும். அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்த வாரம் எண்ணி மாளாது. விசாரித்தால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஒருவர் மருந்துக் குப்பியை நீட்டுவார், ஒருவர் நத்தை தின்னும் லோச் மீனை வாங்கி விடச் சொல்வார், மூன்றாமவர் தொட்டியையே கலைக்கச் சொல்வார். எல்லா வழியும் எங்கோ ஒரு தொட்டியில் வேலை செய்ததுதான். உங்கள் தொட்டிக்கு எது பொருந்தும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வந்திருப்பது எந்த நத்தை, தொட்டியில் கூட வாழ்வது யார், உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை குறைவதா அல்லது ஒன்றுகூட இல்லாமல் போவதா.

நத்தை எத்தனை வாழும் என்பதைத் தொட்டியில் கிடைக்கும் தீனிதான் முடிவு செய்கிறது. மீன் தின்னாமல் விட்ட உணவு, அழுகும் இலை, பாசி ஆகிய மூன்றும் எவ்வளவோ அவ்வளவு நத்தை. இதை விட்டுவிட்டு வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும், மிஞ்சிய இரண்டு மூன்று நத்தைகள் இரண்டு மாதத்தில் பழைய கூட்டத்தை உருவாக்கிவிடும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

நம் தொட்டிகளில் அழையாமல் வருபவை பெரும்பாலும் மூன்று வகை.

பிளாடர் ஸ்நெயில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஓடு மெல்லியது, பழுப்பில் மஞ்சள் புள்ளி தெரியும், வேகமாக நகரும். ஐயமிருந்தால் ஓட்டின் கூர்முனை மேலே இருக்க, வாய்ப்பகுதி உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் இடப்பக்கம் இருந்தால் பிளாடர். வலப்பக்கம் இருந்தால், மெல்லிய ஓட்டோடும் முக்கோண வடிவ உணர்கொம்புகளோடும் இருக்கும் லிம்னியா வகைக் குளத்து நத்தையாக இருக்கலாம். அது வளர்ந்ததும் மெல்லிய இலைச் செடிகளைக் கடிக்கும். பிளாடர் நல்ல இலையைப் பெரும்பாலும் தொடாது. இலையில் ஓட்டை விழுந்திருந்தால் பொட்டாசியம் குறைபாடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், நத்தை அந்த அழுகும் ஓரத்தைத் தின்ன வந்ததே.

ராம்ஸ்ஹார்ன் தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்டது. சிவப்பாகத் தெரிபவற்றின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது, அந்த நிறம்தான் ஓட்டின் வழியே தெரிகிறது. பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் இருபால் உயிர்கள். ஒரே ஒரு நத்தை வந்தாலும் தனியாகவே முட்டையிட முடியும். இலையின் அடியிலும் கண்ணாடியிலும் நிறமற்ற ஜெல்லிக் கட்டியாக முட்டை ஒட்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

மூன்றாவது ட்ரம்பெட் ஸ்நெயில். நீண்ட கூம்பு வடிவம், கெட்டி ஓடு, வாயை அடைக்க ஒரு மூடி. பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும், விளக்கு அணைந்த பிறகு வெளியே வரும். முட்டையிடாது, குட்டி போடும். பெண் நத்தை ஆண் துணையில்லாமலே பெருகும். இரண்டு மூன்றுதான் இருக்கின்றன என்று பகலில் நினைத்தவர், இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மணல் முழுக்க ஊர்வதைக் காண்பார். எந்த வழியானாலும் கடினமாக இருப்பது இந்த ஒன்றிடம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரத்துண்டிலும் கல்லிலும் எள் போலக் கெட்டியான வெள்ளைப் புள்ளிகள் நிறைய ஒட்டியிருந்து, நீங்கள் நெரைட் நத்தை வளர்ப்பவராக இருந்தால், அவை நெரைட்டின் முட்டைகள். நன்னீரில் அவற்றின் இளம் உயிர்கள் வளராது, உவர்நீர் வேண்டும். அவற்றைப் பார்த்து மருந்தைத் தேட வேண்டாம்.

அப்படியே விட்டுவிடுவது

பலருக்கும் இது ஒரு வழியாகவே தோன்றாது. ஆனால் செடித் தொட்டி வைத்திருப்பவர்களில் கணிசமானோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நத்தை மீனின் எச்சத்தை மாயமாக்குவதில்லை. அழுகும் இலையையும் மிச்ச உணவையும் தின்று, அதையே சிறு துகளாக வெளியேற்றுகிறது. அதனால் பாக்டீரியாவின் வேலை எளிதாகிறது, செடிக்கும் ஊட்டம் கிடைக்கிறது. ட்ரம்பெட் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடி மணல் இறுகிப்போவது குறையும்.

புதிதாகச் செடி நட்ட தொட்டியில் முதல் இரண்டு மாதம் நத்தை பெருகுவது இயல்பு. நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட செடிகள் பழைய இலையைக் கழற்றிவிட்டுப் புது இலை விடும் காலம் அது. கிரிப்டோகோரின் போன்றவை இலை முழுவதையும் கரைத்துவிடுவதும் உண்டு. அந்தக் கழிவு தீர்ந்ததும் நத்தையும் தானாகவே குறையும். அதற்கு முன்பே பதறி மருந்து ஊற்றுவது வீண் செலவு.

எச்சரிக்கை மணியாகவும் இவை பயன்படும். பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் காற்றை மூச்சிழுப்பதற்காக அடிக்கடி மேலே வரும், அதில் செய்தி எதுவும் இல்லை. ட்ரம்பெட் செவுளால் சுவாசிப்பது. பட்டப்பகலில் அவை கூட்டமாகக் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஏறினால், ஆக்சிஜன் குறைந்திருக்கிறது அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது என்று கொண்டு உடனே தண்ணீரைச் சோதித்து மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

இந்த வழி பொருந்தாத இடம் ஒன்று உண்டு. உள்ளே வைக்கும் பவர் பில்டரின் உறிஞ்சு வாய் திறந்திருந்தால், சிறு நத்தைகள் உள்ளே போய், தண்ணீரை இழுக்கச் சுழலும் சிறகுச் சக்கரமான இம்பெல்லரில் சிக்கும். ட்ரம்பெட்டின் கெட்டி ஓடு இம்பெல்லரின் சிறகையே உடைக்கும். மோட்டாரில் திடீரென்று கடகடவென்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உறிஞ்சு வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறையை மாட்டி, வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவினால் போதும்.

தீனியைக் குறைத்துக் கையால் எடுப்பது

பெரும்பாலான தொட்டிகளுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுவே என்பது எங்கள் உறுதியான கருத்து. செலவு கிட்டத்தட்ட இல்லை, மீனுக்கும் இறாலுக்கும் ஆபத்து இல்லை. நேரம்தான் எடுக்கும்: ஆறு முதல் பத்து வாரம்.

ஓர் இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 60 x 30 x 30 செ.மீ. அளவு, பத்துப் பன்னிரண்டு கப்பி. மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள், அடியில் ஒரு துகளும் விழக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் உணவே வேண்டாம், நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த மீன்களுக்கு அது கெடுதல் செய்யாது. அடியில் மேயும் பிளீகோ, கோரி மீன்களுக்கு இரவில் போடும் மாத்திரை வடிவ உணவுதான் நத்தைக்குப் பெரிய விருந்து. முழு மாத்திரையைப் போட்டுக் காலையில் மிச்சத்தைப் பார்ப்பதற்குப் பதில் பாதியை உடைத்துப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சைபன் குழாயை மணலுக்குள் செருகி அழுக்கை உறிஞ்சி, 25 முதல் 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். மஞ்சளான இலையை அடியோடு கிள்ளி எடுங்கள்.

இதோடு பொறி. வெள்ளரிக்காயைத் தோல் சீவி விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் மென்மையாகி மூழ்கும். இல்லையென்றால் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்குங்கள். தோல் சீவுவது ருசிக்காக இல்லை, பூச்சிமருந்துக்காக. கழுவாத காய்கறியில் மிஞ்சும் பூச்சிமருந்து இறாலைக் கூட்டமாகக் கொன்றுவிடும். விளக்கை அணைக்கும்போது போட்டு, காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்பே எடுத்தால், வட்டத்தின் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும்.

ட்ரம்பெட்டுக்கு பாட்டில் பொறி நன்றாக வேலை செய்யும். அரை லிட்டர் பெட் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றி, அந்தப் பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். உள்ளே ஒரு கூழாங்கல், அரை மாத்திரை உணவு. வாய்ப்பகுதி மணலைத் தொடும்படி படுக்க வைக்க வேண்டும். மணலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தாலே பல நத்தைகள் ஏறாமல் திரும்பிவிடும். காலையில் மறக்காமல் எடுங்கள். இரண்டு நாள் உள்ளே கிடந்து அழுகும் மாத்திரை தண்ணீரை வெள்ளையாகக் கலக்கி அம்மோனியாவை ஏற்றும், அப்போது நத்தையைவிட மீன்தான் முதலில் பாதிக்கப்படும். சிறு மீன் பொறிக்குள் மாட்டுவதும் உண்டு.

கண்ணாடியில் தெரியும் குட்டிகளை விரலால் நசுக்கிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். பிளாடர், ராம்ஸ்ஹார்ன் என்றால் நாளைக்கு நான்கைந்து நசுக்கலாம், மீன்கள் ஓடி வந்து தின்னும். நசுக்கினால் முட்டை பரவும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை, இவற்றின் முட்டை ஏற்கெனவே ஜெல்லிக் கட்டியாக இலையில்தான் இருக்கிறது. ஆனால் ட்ரம்பெட்டை நசுக்காதீர்கள். குட்டிகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்வதால் நசுக்கும்போது சில உயிரோடு வெளியே வந்துவிடலாம்.

குறைகிறதா என்பதைக் கண்மதிப்பில் சொல்ல முடியாது. ஒரே கிழமையில், விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, முன்கண்ணாடியில் ஒரு தாள் அகலத்துக்குள் எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். முதல் மூன்று வாரம் பெரிதாக மாறாது. ஏற்கெனவே இட்ட முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். நான்காம் வாரத்திலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உணவு இன்னும் எங்கிருந்தோ போகிறது என்று பொருள். வீட்டில் வேறு யாராவது தனியாக மீனுக்கு உணவு போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் இருக்கும் வீட்டில் இதுவே அடிக்கடி விடை.

அசாசின் ஸ்நெயில்

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த, மஞ்சளும் கருப்பும் பட்டையிட்ட, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நத்தை. மற்ற நத்தைகளைத் தேடித் தின்னும். செடியைத் தொடாது. ட்ரம்பெட்டைப் போலவே மணலுக்குள் புதையும் என்பதால், கையால் எட்ட முடியாத இடத்திலும் வேட்டையாடும். மணலும் செடியும் நிறைந்த, இறால் உள்ள தொட்டியில் ட்ரம்பெட் அதிகமாகிவிட்டால் எங்கள் தேர்வு இதுவே.

பத்து முதல் பதினைந்து லிட்டருக்கு ஒன்று போதும். மேலே சொன்ன இரண்டடித் தொட்டிக்கு நான்கைந்து. ஒன்று நாளைக்கு ஒன்றிரண்டு சிறு நத்தையைத்தான் தின்னும் என்பதால் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். மணல் மெல்லியதாக இருக்க வேண்டும், பருமனான ஜல்லியில் அதனால் புதைய முடியாது. இந்தக் காலத்தில் மீன் உணவைத் தாராளமாகப் போட்டால் அதுவும் வேட்டையை விட்டு மிச்ச மாத்திரையைத் தின்னப் போய்விடும்.

இவற்றில் ஆண், பெண் தனித்தனி, பார்வையால் பிரித்தறிய முடியாது. சிறு சதுர உறைக்குள் ஒவ்வொரு முட்டையாக இடும், மெதுவாகவே பெருகும். ஆனாலும் ஐந்தாறு போட்டால் ஓர் ஆண்டில் இதுவே கூடியிருக்கும். பெரிதாக இருப்பதால் கையால் எடுப்பது எளிது, வேறு தொட்டிக்காரர்கள் ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள்.

எது கெடும் என்பதையும் சொல்கிறோம். நீங்கள் ஆசையாக வளர்க்கும் நெரைட்டையும் மிஸ்டரி ஸ்நெயிலையும் அசாசின் பிரித்துப் பார்க்காது. அவை இருக்கும் தொட்டியில் இதை விடக் கூடாது. நல்ல நிலையில் உள்ள இறால் தப்பிவிடும், ஓடு கழற்றிய உடனும் நோயிலும் இருப்பது மாட்டலாம். ஒரு முறை செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் இதுவும் பிழைக்காது.

நத்தை தின்னும் மீன்கள்

அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் அதிகம் தவறாகப் போவதும் இந்த வழிதான். குளோன் லோச் நத்தையை உறிஞ்சி எடுத்துத் தின்பதில் கெட்டி. கடையில் ஐந்து சென்டிமீட்டர் குட்டியாக ஆரஞ்சும் கருப்புமாக இருக்கும். சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் முப்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, நன்றாக வைத்தால் பதினைந்து ஆண்டுக்கு மேல் வாழும், ஐந்தாறு பேர் கூட்டமாக இல்லாவிட்டால் ஒளிந்தே கிடக்கும். நானூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் நத்தைக்காக இதை வாங்குவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை.

யோயோ லோச் கங்கைப் படுகையைச் சேர்ந்தது, பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும், நான்கடித் தொட்டியாவது வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் ஸீப்ரா லோச் இன்னும் சிறியது, அமைதியானது. ஆனால் இயற்கையில் அழியும் அபாயத்தில் உள்ள இனம். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்க வேண்டாம். தாய்லாந்தின் ட்வார்ஃப் செயின் லோச் ஐந்தாறு சென்டிமீட்டர்தான், எண்பது நூறு லிட்டர் தொட்டிக்கு ஆறு மீன் பொருந்தும். இதுவும் இயற்கையில் அருகிவிட்டது. சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லோச் என்றால் அயிரையும் அதே கூட்டம்தானே என்று சந்தை அயிரையைக் கொண்டுவந்து விடுபவர்களும் இருக்கிறார்கள். அயிரை மணலைச் சலித்து நுண்ணுயிர்களைத் தின்பது, வளர்ந்த நத்தைக் கூட்டத்தை அது குறைக்காது.

பீ பஃபர் வேறு கதை. கேரளத்தின் ஆறுகளிலும் உப்பங்கழிகளை ஒட்டிய நன்னீரிலும் வாழும் மூன்று சென்டிமீட்டர் மீன், அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. சிறு பிளாடர், ராம்ஸ்ஹார்ன் நத்தைகளை ஓட்டோடு கொத்தித் தின்னும். ஆனால் மற்ற மீன்களின் துடுப்பையும் கொத்தும், கப்பி, பெட்டா போன்ற நீண்ட துடுப்பு மீன்களோடு வைக்கவே முடியாது. இறால் குட்டிகள் மிஞ்சாது. உலர் உணவைப் பெரும்பாலும் ஏற்காது, உறைந்த ரத்தப்புழுவோ உயிருணவோ தொடர்ந்து வேண்டும். இது பஃபருக்கென்றே தனித் தொட்டி வைத்து, அடுத்த தொட்டியில் பெருகிய நத்தையை வாரி வாரி அதற்குப் போடுபவர்களுக்குச் சரியான ஏற்பாடு. இதுவும் இயற்கை நீர்நிலைகளில் பிடித்து விற்கப்பட்டதால் எண்ணிக்கை குறைந்த மீன், பண்ணையில் வளர்ந்ததையே தேடுங்கள்.

தங்கமீன், பெரிய கௌராமி போன்றவை குட்டி நத்தையையும் முட்டைக் கட்டியையும் கொத்தும். ஏற்கெனவே இருந்தால் நல்லது, இதற்கென்று வாங்க வேண்டாம். நத்தை தீர்ந்த பிறகும் அந்த மீனை அதன் ஆயுள் முழுக்க வைத்திருக்க மனம் இருந்தால் மட்டும் இந்த வழி.

மருந்து

நத்தைக் கொல்லிகளில் பெரும்பாலானவற்றின் வேலையைச் செய்வது செம்பு. மீனின் ஒட்டுண்ணி நோய்க்கும் செம்புதான் தருவார்கள், அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். இறால் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே சாகும். அதனால் இறால், நண்டு, விரும்பி வளர்க்கும் நத்தை எதுவாவது இருந்தால் இந்த வழி முற்றிலும் அடைபட்டது. தண்ணீரின் காரத்தன்மை குறைவாக இருந்தால் அதே அளவு செம்பு மீனுக்கும் நஞ்சாகும். ஆர்ஓ தண்ணீரில் தொட்டி நடத்துபவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

அளவில் ஏற்படும் பிழை மிக எளிது. இரண்டடித் தொட்டியின் கணக்குக் கொள்ளளவு 54 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் போக உள்ளே இருப்பது 45 லிட்டர் அளவில்தான். 54-க்கு ஊற்றினால் இருபது சதவீதம் கூடுதல்.

அளவு சரியாக இருந்தாலும் பிரச்சினை அடுத்த இரண்டு நாளில் வரும். ட்ரம்பெட் மூடியை அடைத்துக்கொண்டு மணலுக்குள் தாக்குப்பிடிக்கும். மற்றவை மொத்தமாகச் சாகும், செத்தவை கல் இடுக்கிலும் செடி அடியிலும் கிடந்து அழுகும். அம்மோனியா ஏறி மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதனால் மருந்து போடுவது என்று முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் இரண்டு வாரம் கையாலும் பொறியாலும் எடுத்துக் கூட்டத்தைக் குறையுங்கள். மருந்து நாட்களில் ஏர் பம்ப் ஓட வேண்டும், அம்மோனியாவை தினமும் சோதிக்க வேண்டும், செத்ததை உடனே சைபன் செய்ய வேண்டும். முடிந்ததும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, தண்ணீரை பல முறை மாற்றுங்கள். அப்படியும் செம்பு மணலிலும் கல்லிலும் தங்கிப் பிறகு மெல்லக் கசியலாம். அந்தத் தொட்டியில் பின்னாளில் இறால் வளர்க்கும் ஆசை இருந்தால் மணலை மாற்றியாக வேண்டும்.

நாய்க்குக் கொடுக்கும் பூச்சிமருந்தான ஃபென்பெண்டசோல் இறால் தொட்டியில் பிளனேரியா என்ற தட்டைப்புழுவைக் கொல்ல உதவுவது. நெரைட்டைக் கொல்லும், பிளாடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேண்டியது சாக, வேண்டாதது வாழும் என்பதால் நத்தைக்கு இது மருந்தில்லை. கல் உப்பும் அப்படித்தான். ட்ரம்பெட் உவர்நீரிலும் வாழக்கூடியது, அதற்கு முன்னால் செடி கருகிவிடும். மனிதரில் நத்தை வழிப் பரவும் நோய்களைத் தடுக்க நீர்நிலைகளில் தெளிக்கப்படும் நிக்ளோசமைட் நத்தையைக் கொல்லும், மீனையும் கொல்லும்.

செடி இல்லை, இறால் இல்லை, மீனைத் தற்காலிகமாக வேறு தொட்டிக்கு மாற்றும் வசதி உண்டு என்றால் மட்டுமே செம்பைப் பற்றி யோசிக்கலாம். அந்த வசதி இருப்பவருக்கு அடுத்த வழியே மேல்.

முழுக்கக் கலைத்துத் தொடங்குவது

ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பவருக்கு நம்பத்தக்க வழி இது ஒன்றே. குஞ்சு பொரிக்கும் தொட்டி, விற்பனைக்குச் செடி வளர்க்கும் தொட்டி போன்றவற்றுக்கு நியாயமும் உண்டு. வரவேற்பறைத் தொட்டிக்கு அரிதாகவே தேவைப்படும்.

மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, மணலை எடுத்துக் கொதிக்க வைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது மட்டும் போதாது, மூடி உள்ள ட்ரம்பெட் ஈரம் குறைந்தும் சில நாள் தாங்கும். கண்ணாடி, குழாய், ஹீட்டர் ஆகியவற்றுக்கு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அரை மணி நேரம். பிறகு வாசனை போகும்வரை கழுவி, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, முழுதாகக் காய விடுங்கள்.

தடுமாறும் இடம் பில்டர் ஸ்பாஞ்ச். நல்ல பாக்டீரியா போய்விடுமே என்று பழைய ஸ்பாஞ்சை மட்டும் அப்படியே எடுத்து மாட்டுவார்கள், அதற்குள்தான் குட்டியும் முட்டையும் இருக்கின்றன. நத்தை இல்லாத தொட்டி வேண்டுமென்றால் ஸ்பாஞ்சும் புதிதாக இருக்க வேண்டும், அப்படியென்றால் தொட்டியை மீன் இல்லாமல் மீண்டும் நான்கு முதல் ஆறு வாரம் சைக்கிள் செய்ய வேண்டும், அதாவது நல்ல பாக்டீரியா வளரும்வரை ஓடவிட வேண்டும். நத்தையே இல்லாத வேறு தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும்.

எந்தத் தொட்டிக்கு எது

கப்பி, டெட்ரா, செர்ரி இறால், செடிகள் கொண்ட இரண்டடித் தொட்டியில் பிளாடர் அல்லது ராம்ஸ்ஹார்ன்: தீனியைக் குறைத்து, பொறி வைத்துப் பத்து வாரம் பொறுங்கள். அதே தொட்டியில் ட்ரம்பெட் என்றால் அதோடு நான்கைந்து அசாசின். செடியில்லாத தங்கமீன் தொட்டியில் நத்தை பெருகியிருந்தால் உணவும் அழுக்கும் அதிகம் என்றே பொருள், சைபனைக் கூட்டுங்கள். நான்கடிக்கு மேலான தொட்டியில் இறால் இல்லை, லோச் பிடிக்கும் என்றால் ஐந்து யோயோ. கடையில் நத்தைக் கொல்லியை வாங்கும் எண்ணம் வந்தால், எந்தத் தொட்டியாக இருந்தாலும், முதலில் மேலே சொன்ன நான்கு வாரக் கணக்கை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த செடி வாங்கும்போது

சென்னை கொளத்தூர் போன்ற மீன் சந்தைகளில் ஈரத்தோடு கட்டாக வாங்கும் செடியில் முட்டைக் கட்டி இல்லாமல் இருப்பது அதிசயம். டப்பாவில் ஜெல்லியில் வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் செடி மட்டுமே நத்தை இல்லாதது என்று நம்பலாம், விலை கூட.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற கெட்டி இலைச் செடிகளுக்கு பிளீச் குளியல் பயன்படும். 4 முதல் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்தொன்பது பங்கு. கெட்டி இலைக்கு இரண்டு நிமிடம், தண்டுச் செடிக்கு ஒரு நிமிடம். வாலிஸ்னேரியாவும் மாஸ் எனப்படும் பாசிச் செடிகளும் இதில் கருகிவிடும், அவற்றுக்கு வேண்டாம். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: நம் ஊரில் பிளீச்சிங் பவுடர் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதில் குளோரின் முப்பது சதவீதம் அளவுக்கு இருக்கும். அதை இதே விகிதத்தில் கரைத்தால் செடி மிச்சமிருக்காது.

மென்மையான செடிகளுக்குப் படிகாரம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி, இரண்டு மூன்று மணி நேரம். நத்தையை இது நன்றாகக் கொல்லும், முட்டைக்கு உறுதியில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் அப்படியே. அதனால் எந்தக் குளியல் கொடுத்தாலும் செடியை ஒரு வாளியில் ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தப்பிய முட்டை அதற்குள் பொரிந்து கண்ணில் பட்டுவிடும். குளத்திலோ வாய்க்காலிலோ எடுத்த செடியானால் இந்தத் தனிமைப்படுத்தல் கட்டாயம். நம் குளங்களின் இந்தோபிளனோர்பிஸ் நத்தை கால்நடைகளைத் தாக்கும் தட்டைப்புழுக்களைச் சுமப்பது, அதிலிருந்து வெளிவரும் இளம் புழு மனிதத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும். அந்த வாளியில் கைவிட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எடுத்த நத்தைகளை ஏரியிலோ கழிவுநீர்க் கால்வாயிலோ கொட்டக் கூடாது. ஒரு கவரில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃபிரீசரில் வைத்துவிட்டு, பூந்தொட்டி மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில் புதைத்துவிடுங்கள், அந்த ஓட்டுச் சுண்ணாம்பு தக்காளிச் செடிக்கு ஆகும்.